எந்தக் கல்லிலிருந்து?

பத்திரம் எழுதுபவர்களிடம் இன்றும் ஒரு வழக்கம் இருக்கிறது. கிராமத்தின் பெயர், சர்வே எண், விஸ்தீரணம் எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகு 'இதற்குச் செக்குபந்தி' என்று தொடங்கி நான்கு எல்லைகளைச் சொல்வார்கள். வடக்கில் இன்னார் நிலம், தெற்கில் வண்டிப்பாதை, கிழக்கில் வாய்க்கால், மேற்கில் இன்னாருடைய பங்கு. சர்வே எண் என்ற ஒன்று வருவதற்கு முன்பு நிலத்துக்கு இருந்த முகவரி இந்த நான்கு வரிதான். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய செப்பேடுகளிலும் இதே முறையைப் பார்க்கிறோம். நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரத்துக்கு ராஜராஜ சோழன் கொடுத்த ஆனைமங்கலம் கிராமத்தின் எல்லையை வரையறுக்க ஒரு பெண் யானையை நடத்திச் சென்றார்கள். அது நடந்த வழியில் கல்லும் கள்ளியும் நட்டார்கள்.

ஊருக்குள் இந்த முறை நன்றாகவே நடந்தது. வாய்க்கால் எது, வண்டிப்பாதை எது என்று அங்கே வாழ்கிற எல்லோருக்கும் தெரியும். எல்லை என்பது பலர் சேர்ந்து வைத்திருந்த ஒரு நினைவு. நீளத்தையும் அப்படித்தான் பொதுவாக்கினார்கள்: நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கோயில் சுவரில் செதுக்கி வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் தன் கோலைச் சுவரில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் அடுத்த ஊர்க் கோயில் சுவரில் வேறு நீளம் இருக்கலாம். அந்த ஊர் வாய்க்காலை இந்த ஊர்க்காரர் பார்த்திருக்கவே மாட்டார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இடத்தைச் சொல்லப் பொதுவான ஆதாரம் எதுவும் கைவசம் இல்லை.

வெள்ளைக்காரர் காலத்தில் சர்வே கல் வந்தது. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு புலப்படம் வரைந்தார்கள். இன்றும் அதை எஃப்.எம்.பி. என்றுதான் வருவாய்த் துறையில் சொல்கிறார்கள். அதைக் கையில் வாங்கிப் பார்த்தால் அன்றைய சிந்தனை தெரியும். புலத்தின் குறுக்கே கல்லிலிருந்து கல்லுக்கு ஒரு நீண்ட கோடு. அதற்கு ஜி லைன் என்று பெயர். அந்தக் கோட்டில் இத்தனை தூரம் போய், அங்கிருந்து செங்கோணத்தில் இத்தனை தூரம் தள்ளினால் வரப்பு திரும்பும் இடம் வரும். இப்படி ஒவ்வொரு திருப்பத்துக்கும் இரண்டு எண்கள். சங்கிலியும் கிராஸ் ஸ்டாஃப் என்னும் செங்கோணம் பார்க்கும் கம்பும் போதும், புலத்தைத் திரும்பத் தரையில் வரைந்துவிடலாம்.

அதே படத்தில் ஒரு குறையும் இருக்கிறது. புலப்படத்தில் உள்ள எண்கள் எல்லாம் அந்தப் புலத்தின் சொந்தக் கற்களிலிருந்து எண்ணப்பட்டவை. அந்தப் புலம் பூமியில் எங்கே இருக்கிறது என்பதைப் படம் சொல்லாது. ஒவ்வொரு புலமும் தனித்தீவு. ஒரு கிராமத்தின் எல்லாப் புலப்படங்களையும் ஒட்டி ஒரே படமாக்கப் பார்த்தால், ஓரங்கள் சில இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், சில இடத்தில் இடைவெளி விடும். கிராமத்தில் நடக்கும் வரப்புச் சண்டைகளில் பல இங்கேதான் தொடங்குகின்றன. ஒரு நில அளவர் வடக்குக் கல்லைப் பிடித்து அளக்கிறார். அடுத்த ஆண்டு வேறொருவர் தெற்குக் கல்லைப் பிடித்து அளக்கிறார். இடையில் டிராக்டர் இடித்து ஒரு கல் நகர்ந்திருக்கும். இருவர் கணக்கிலும் பிழை இராது. ஆனால் வரப்பு மூன்றடி தள்ளி விழும். இரண்டு வீட்டுக்காரர்களும் நில அளவரைத்தான் சந்தேகப்படுவார்கள். எந்தக் கல்லிலிருந்து அளந்தார் என்று கேட்க அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

இந்தத் தீவுகளையெல்லாம் ஒரே கோட்டில் கட்டிவிட முடியும் என்று நம்பி ஒருவர் 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி பரங்கிமலை அடிவாரத்தில் சங்கிலியை இழுத்தார். அவர் வில்லியம் லாம்ப்டன், பிரிட்டிஷ் படையில் இருந்தவர். அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் மேடு வரை சுமார் ஏழரை மைல், அதாவது 12 கிலோமீட்டர். அந்த ஒரே கோட்டை அளக்க 57 நாள் ஆயிற்று. சங்கிலி நூறடி நீளம், எஃகில் செய்தது. சீனப் பேரரசருக்குக் காணிக்கையாகப் போய், அங்கே ஏற்கப்படாமல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த சங்கிலி அது. அதை வெறும் தரையில் போட்டு அளக்கவில்லை. முக்காலிகள் மேல் மரப்பெட்டிகளை மட்டம் பார்த்து அடுக்கி, அவற்றுக்குள் கிடத்தி, வெயில் படாமல் கூடாரம் போட்டு, பக்கத்திலேயே வெப்பமானி வைத்துப் படித்தார்கள். சித்திரை வெயிலில் எஃகு நீளும். அந்த நீட்சியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நானூறு தடவை இப்படி.

ஏன் இத்தனை பாடு? அந்தக் கோடுதான் ஆதாரம். அதன் நீளம் தெரிந்துவிட்டால் பிறகு சங்கிலி தேவையில்லை. இரு முனையிலிருந்தும் தூரத்து மலையுச்சியைப் பார்த்துக் கோணம் மட்டும் எடுத்தால் போதும், முக்கோணக் கணக்கில் மற்ற இரு பக்கங்களும் வந்துவிடும். அந்தப் பக்கங்களிலிருந்து அடுத்த முக்கோணம், அதிலிருந்து அடுத்தது. ஆதாரக் கோட்டில் ஓர் அங்குலம் பிசகினால் அந்தப் பிசகு முக்கோணங்களோடு சேர்ந்து பெருகிக்கொண்டே போகும். அதனால்தான் 1804-இல் பெங்களூருக்கு அருகே இன்னொரு கோட்டை நேரடியாக அளந்து, முக்கோணக் கணக்கு தந்த நீளத்தோடு ஒப்பிட்டார். வித்தியாசம் சில அங்குலம்தான். சென்னையிலிருந்து மங்களூர்வரை கணக்கு முடிந்தபோது, 400 மைல் என்று அதுவரை நினைத்திருந்த தீபகற்பத்தின் அகலம் 360 மைல்தான் என்று தெரிந்தது. யாரும் நிலத்தைத் திருடிவிடவில்லை. அதற்கு முன் இரு கரையையும் ஒரே ஆதாரத்தில் வைத்துப் பார்த்தவர் இல்லை, அவ்வளவுதான்.

சோழ மண்டலச் சமவெளியில் மலைகள் இல்லை. அங்கே கோபுரங்களின் மேல் ஏறித்தான் கோணம் எடுத்தார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில், அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் கயிறு கட்டி மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்ப்டன் அதைக் கழற்றி, வளைந்த வட்டத்தைத் தன் கையாலேயே தட்டி நிமிர்த்தினார். 1823-இல், சர்வே வேலையாகப் போகும் வழியில், இன்றைய மகாராஷ்டிரத்து ஹிங்கன்காட்டில் இறந்தார். பேரும் புகழும் அடுத்து வந்த ஜார்ஜ் எவரெஸ்டுக்குப் போயின. என்னைக் கேட்டால், நம் நாட்டின் நில அளவை வரலாற்றில் முதல் மரியாதை பரங்கிமலையிலிருந்து தொடங்கிய அந்தக் கோட்டுக்கும், அதில் வெயிலில் நின்ற பெயர் தெரியாத சங்கிலிக்காரர்களுக்கும்தான்.

கோடு தெரிந்தாலும் அது உலகில் எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு புள்ளி வேண்டும். அந்தப் புள்ளி நுங்கம்பாக்கத்தில் இருந்தது. 1792-இல் அங்கே எழுந்த சென்னை வானாய்வகத்தில் கருவியைத் தாங்க ஒரு கருங்கல் தூண் நட்டிருந்தார்கள். தமிழிலும் தெலுங்கிலும்கூட எழுத்துப் பொறித்த அந்தத் தூண் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. நட்சத்திரங்களையும் கிரகணங்களையும் பார்த்து அதன் தீர்க்கரேகையைக் கணித்தார்கள். நாட்டு வரைபடங்களின் தீர்க்கரேகை எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. பிற்காலத்தில் தந்தி வழியாக நேரத்தை ஒப்பிட்டபோது, பழைய கணிப்பு சில பாகைக்கலை விலகியிருப்பது தெரிந்தது. தரையில் அது சில கிலோமீட்டர். அச்சான வரைபடங்களை என்ன செய்வது? சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகை இன்னது என்று கொண்டு இது வரையப்பட்டது, இவ்வளவு கழித்துக்கொள்க என்று அடியில் குறிப்புப் போட்டார்கள். காஞ்சிபுரத்துக்கும் வேலூருக்கும் இடையே உள்ள தூரம் கொஞ்சமும் மாறவில்லை. உலகத்தோடு வைத்துப் பார்க்கும்போது மட்டும் எல்லா ஊரும் கைகோத்து மொத்தமாக மேற்கே நகர்ந்தன.

நேரமும் அதே தூணைச் சார்ந்துதான் ஓடியது. சென்னையில் உச்சிப்பொழுது ஆன பிறகு மங்களூரில் ஆக சுமார் 22 நிமிடம் ஆகும். ஊருக்கு ஊர் தன் தன் உச்சிப்பொழுதை வைத்துக்கொண்டால் ரயில் அட்டவணை போட முடியாது. அதனால் ரயில்வே சென்னை நேரத்தை எடுத்துக்கொண்டது. அது கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னால். 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணி நேரக் கணக்கு வந்தது.

இனி இன்றைக்கு வருவோம். வயலில் சங்கிலி இல்லை. ஓரிடத்தில் முக்காலி மேல் ஒரு கருவி நிற்கிறது. அதற்குப் பேஸ் என்று பெயர். இன்னொரு கருவியை ஆள் உயரத்துக்கும் மேலான கம்பின் நுனியில் பொருத்தி ஒருவர் வரப்பு வரப்பாக எடுத்துச் செல்கிறார். அது ரோவர். கம்பில் உள்ள குமிழி நடுவில் நிற்கும்படி பிடித்துக்கொண்டு, கையிலிருக்கும் திரையில் 'ஃப்ளோட்' என்பது 'ஃபிக்ஸ்' என்று மாறும்வரை காத்திருக்கிறார். மாறியதும் அழுத்துகிறார். இரண்டு சென்டிமீட்டர் துல்லியம். பார்க்கப் பார்க்க வியப்பாக இருக்கும். ஆனாலும் இந்தத் தொழிலில் பழுத்த ஒருவர், புதிதாக வந்த பையனிடம் கேட்ட கேள்விகள்தான் எனக்குப் பாடம்.

"தம்பி, பேஸ் எங்க வெச்சிருக்க?"

"ஸ்கூல் காம்பவுண்டு மூலையில சார்."

"அந்தப் பாயிண்டுக்கு வேல்யூ எங்கருந்து எடுத்த?"

"அங்கயே நிறுத்தி ஆவரேஜ் எடுத்துக் குடுத்துட்டேன் சார். எல்லாம் ஃபிக்ஸ் ஆயிருச்சு."

"ஃபிக்ஸ் ஆகும்பா. அது பேஸுக்கும் ரோவருக்கும் நடுவுல ஃபிக்ஸ். பேஸே ரெண்டு மீட்டர் தள்ளி இருந்தா?"

அவர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. ரோவர் காட்டுவது பேஸிலிருந்து தான் எவ்வளவு தூரம் என்பதை. பேஸுக்குத் தோராயமான இடத்தைக் கொடுத்துவிட்டால், புலத்தின் வடிவம் இரண்டு சென்டிமீட்டர் சுத்தமாக வரும். பரப்பு சரியாக வரும். மொத்தப் புலமும் மட்டும் இரண்டு மீட்டர் தள்ளிப்போய் அடுத்தவர் கிணற்றில் நிற்கும். மறுவாரம் வேறு குழு வேறோர் இடத்தில் பேஸ் வைத்துப் பக்கத்து நிலத்தை அளந்தால், அதுவும் தன்னளவில் சுத்தமாகவே இருக்கும், இதோடு மட்டும் சேராது. புலப்படத்தின் தனித்தீவு இங்கே டிஜிட்டல் வடிவில் திரும்பி வந்துவிடுகிறது. இதைத் தடுக்கத்தான் இந்திய சர்வே துறை, இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும் நிலையான ஆதார நிலையங்களை நாடெங்கும் நிறுவியிருக்கிறது. அவற்றின் இடம் முன்பே ஒரே சட்டத்தில், அதாவது ஒரே ஆயக் கட்டமைப்பில், கணக்கிடப்பட்டது. ரோவர் இணையம் வழியே அவற்றோடு பேசிக்கொள்ளும். யார் அளந்தாலும் ஒரே ஆதாரம்.

பழைய சட்டமும் புதிய சட்டமும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. லாம்ப்டன், எவரெஸ்ட் காலத்தில் பூமியின் மையத்தை உணர வழியில்லை. இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள கலியான்பூரில், தூக்குக் குண்டு காட்டும் திசையும் பூமியின் வடிவமாகக் கணக்கில் கொண்ட நீள்கோளத்தின் செங்குத்தும் ஒன்றே என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து நாடு முழுவதையும் தொங்கவிட்டார்கள். இந்தியாவுக்கு அது நன்றாகப் பொருந்தியது. ஆனால் அந்த நீள்கோளத்தின் மையம் பூமியின் உண்மையான மையத்திலிருந்து சுமார் 800 மீட்டர் விலகியிருக்கிறது. செயற்கைக்கோள்களோ பூமியின் மையத்தைத்தான் சுற்றுகின்றன. அதனால் ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற சட்டம் அந்த மையத்திலிருந்து தொடங்குகிறது. பழைய சர்வே வரைபடத்தில் படித்த அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே கைபேசியில் இட்டால், நூறிலிருந்து இருநூறு மீட்டர் வரை தள்ளிப் போய் நிற்போம். குளத்தின் கரைக்குப் பதில் குளத்தின் நடுவே.

உயரமும் இப்படித்தான். ரயில் நிலைய மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே எம்.எஸ்.எல். என்று போட்டு மீட்டரில் ஓர் எண் இருக்கும். சராசரிக் கடல்மட்டத்துக்கு மேல் இவ்வளவு உயரம் என்று பொருள். 1909-இல், சென்னை, நாகப்பட்டினம் உட்பட ஒன்பது துறைமுகங்களில் பல ஆண்டு அலை ஏற்ற இறக்கத்தைப் பதிந்து எடுத்த சராசரியிலிருந்து அந்த முறை வந்தது. ஆனால் மெரினா மணலில் சர்வே கருவியை வைத்து, திருத்தம் எதுவும் செய்யாமல் உயரத்தைப் படித்தால், பூஜ்யத்துக்குக் கீழே 80 மீட்டருக்கும் அதிகம் என்று வரும். கருவியில் பழுதில்லை. அது கணித நீள்கோளத்திலிருந்து அளக்கிறது. இந்தியப் பெருங்கடல் பகுதியில் ஈர்ப்பு குறைவு என்பதால் கடல்மட்டமே அந்தக் கோளத்துக்குக் கீழே தாழ்ந்திருக்கிறது. தண்ணீர் ஓடுவது கடல்மட்டத்தைப் பார்த்துத்தான். வெள்ள வடிகால் போடும் பொறியாளர் இந்த இரண்டு உயரத்தையும் கலந்துவிட்டால் வீதியில் தண்ணீர் நிற்கும்.

இதுவரை சொன்னது இடத்தைப் பற்றி. அசைவுக்கு வந்தால் ஆதாரத்தின் தேவை இன்னும் கூடும். தாம்பரம் நடைமேடைப் பெஞ்சில் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவருடைய வேகம் என்ன? நடைமேடையைப் பொறுத்துப் பூஜ்யம். பூமியின் அச்சைப் பொறுத்து மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல். சூரியனைப் பொறுத்து மணிக்கு ஒரு லட்சத்துக்கு மேல். மூன்றும் உண்மை. படகில் போகிறவனுக்குக் கரை பின்னோக்கிப் போவதுபோல, சுழலும் பூமியில் இருப்பவர்களுக்கு நட்சத்திரங்கள் மேற்கே போவதாகத் தோன்றுகிறது என்று 499-இல் ஆரியபட்டர் எழுதினார். அன்று அது அறிவு. இன்று அதுவே அன்றாட வேலை. செயற்கைக்கோளின் சமிக்ஞை 20,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து நம் கைபேசிக்கு வரச் சுமார் 0.07 நொடி ஆகிறது. அந்த இடைவெளிக்குள் பூமியின் சுழற்சியில் சென்னை முப்பது மீட்டர் கிழக்கே போய்விடுகிறது. எந்தச் சட்டத்தில் நின்று கணக்குப் போடுகிறோம் என்பதை மென்பொருள் மறந்தால், தெரு மாறி நிற்போம்.

எல்லாவற்றிலும் என்னை மிகவும் கவர்ந்தது இன்னொன்று. இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் அளவில் வடகிழக்காக நகர்கிறது. லாம்ப்டன் சங்கிலி போட்ட நாளிலிருந்து இன்றுவரை பரங்கிமலை பத்து மீட்டருக்கும் மேல் நகர்ந்திருக்கிறது. அந்த நகர்வை அவருடைய முக்கோணங்களால் எத்தனை நூற்றாண்டு பார்த்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஏனென்றால் மலை, கோபுரம், கல், அளந்த மனிதர் எல்லாம் ஒரே தட்டின் மேல் ஒன்றாகப் போகின்றன. பார்ப்பதற்கு வெளியே ஓர் ஆதாரம் வேண்டும். இன்று பூமியெங்கும் உள்ள நிலையங்களைச் சேர்த்து ஓர் உலகச் சட்டம் கட்டியிருக்கிறார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள நிலையம் அதில் ஒன்று. பூமியே எப்படித் திரும்பியிருக்கிறது என்று பார்க்க, பல நூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள குவேசார்களை நோக்குகிறார்கள். நம் பார்வைக்கு அவை அசையாதவை என்று கொள்ளும் அளவுக்குத் தொலைவு.

அந்த உலகச் சட்டத்திலும் ஓர் உடன்படிக்கை ஒளிந்திருக்கிறது. பூமியின் எல்லாத் தட்டுகளும் நகர்கின்றன. நகராத தட்டு என்று ஒன்று இல்லை. பிறகு எதைப் பொறுத்து இந்தியா ஐந்து சென்டிமீட்டர் நகர்கிறது? எல்லாத் தட்டுகளின் நகர்வையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தச் சுழற்சி பூஜ்யம் வரும்படி சட்டத்தை வைத்துக்கொள்வோம் என்று அறிவியலாளர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வேறு விதமாக வைத்துக்கொண்டால் வேறு எண் வரும். இது குறையென்று எனக்குத் தோன்றவில்லை. ஆனைமங்கலத்து எல்லையில் கூடி நடந்தவர்கள் செய்ததும் இதுவேதான்: இதை ஆதாரமாகக் கொள்வோம் என்று எல்லோரும் காணச் சொன்னார்கள்.

ஆதாரம் நகர்கிறது என்று தெரிந்த பிறகு, இடத்தோடு தேதியையும் எழுத வேண்டியதாகிறது. ஆஸ்திரேலியா ஆண்டுக்கு ஏழு சென்டிமீட்டர் போகிறது. 1994-இல் நிலைநிறுத்திய ஆயங்களுக்கும் செயற்கைக்கோள் காட்டுவதற்கும் 2020-க்குள் 1.8 மீட்டர் வித்தியாசம் வந்துவிட்டது. அந்த நாடு முழு வரைபடத்தையும் புதிய சட்டத்துக்கு மாற்றியது. நம் தட்டும் அதற்கு அதிகம் குறைந்ததல்ல.

இந்த இடத்தில் நான் வாதாட விரும்புவது பழைய கற்களுக்காக. செயற்கைக்கோள் வந்தபின் சர்வே கல் எதற்கு என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். சாலையை அகலப்படுத்தும்போது கல்லைப் பிடுங்கி ஓரமாகப் போடுகிறார்கள். லாம்ப்டன் தொடங்கிய பெரும் முக்கோண அளவையின் பெயரால் ஜி.டி.எஸ். என்று வெட்டிய உயரக் குறிக்கற்கள் சில, அலுவலக வளாகங்களில் சிமெண்டுக்கு அடியில் போய்விட்டன. பழைய சட்டத்தில் அளந்த லட்சக்கணக்கான புலப்படங்களைப் புதிய சட்டத்துக்குக் கொண்டுவர ஒரே வழிதான் உண்டு: இரண்டு சட்டத்திலும் இடம் தெரிந்த பொதுப் புள்ளிகள் வேண்டும். அந்தப் புள்ளிகள் அந்தக் கற்களே. ஒரு கல் போனால், அதைப் பிடித்து அளந்த புலங்கள் எல்லாம் பிடிமானம் இழக்கின்றன. பிறகு எந்த மென்பொருளும் அவற்றை உரிய இடத்தில் வைக்காது, ஊகித்து வைக்கும். அந்த ஊகம்தான் பட்டாவாகும், வழக்காகும்.

ஆகவே கல்லை எடுக்கத்தான் வேண்டும் என்றால், எடுப்பதற்கு முன் அதன் தலையில் ரோவரை நிறுத்தி, எந்த ஆதார நிலையம், எந்தச் சட்டம், எந்தத் தேதி என்று மூன்றையும் எழுதி, அந்தக் கிராமத்துப் புலப்படத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். ஒரு கல்லுக்குச் சில நிமிட வேலை.